வேப்பமரம் காஞ்சிருச்சுன்னு வெட்டிப் போடாதீங்க!

(பவானி வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, வரவு செலவுன்னு பேசி முடிச்சாச்சு. இப்ப கொஞ்ச நேரம் மரத்தைப் பத்திப் பேசலாமுங்க. கார்த்திகை, மார்கழி மாசத்துல அந்தியூர் ரோட்டுல பஸ்ஸில வந்தவங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோரத்து வேப்பமரமெல்லாம் தீயில வாட்டி எடுத்த மாதிரி நுனியெல்லாம் கருகி நிக்குது. "அம்மனுக்கே ஆகலைங்க, ஊருக்கு ஏதோ கெடுதல்"னு ஒரு பாட்டி எங்ககிட்டச் சொன்னாங்க. கெடுதலும் இல்லை, செய்வினையும் இல்லை. இது ஒரு நோய். நுனிக்கருகல் நோய்னு பேரு.

மைசூர் ஆராய்ச்சியாளர்கள் 1997-லேயே இந்த நோய்க்குக் காரணமான பூஞ்சாணத்தைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம்ம பக்கம் 2020-க்குப் பிறகுதான் இவ்வளவு மரம் ஒண்ணா கருகுறதைப் பார்க்கிறோம். தெலங்கானாவிலும் 2021-ல் இதே கதைதான்.

காரணம் ரெண்டு பேரு. ஒண்ணு அந்தப் பூஞ்சாணம். இன்னொண்ணு தேயிலைக் கொசு. பேருதான் கொசு, நம்மைக் கடிக்காது. இது ஒரு நாவாய்ப்பூச்சி. தேயிலை, முந்திரி, கொய்யா இதுலயும் இருக்கும். வேம்பின் இளந்தளிரில் ஊசி மாதிரி மூக்கைக் குத்திச் சாறு உறிஞ்சும். குத்தின இடத்தில் அதன் எச்சில் விஷம் இறங்கி, பழுப்புப் புள்ளி விழுந்து, குருத்து தொங்கிப் போகும். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சாணமும் சேர்ந்துக்கும். காய்ஞ்ச குச்சியில் அது வித்து வைக்கும். மழைத்துளி தெறிச்சு அடுத்த கிளைக்குப் போகும். அதனாலதான் ஐப்பசி மழையில ஆரம்பிச்சு பனிக்காலத்தில் மரம் முழுக்கக் கருகித் தெரியுது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? வேப்ப எண்ணெய் பூஞ்சாணத்தைக் கொல்லும்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி, நம்ம நாட்டுக்காரங்க எதிர்த்து வழக்காடி, 2000-ல் அது ரத்தாகி, 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆச்சு. அப்பேர்ப்பட்ட மரத்தையே ஒரு பூஞ்சாணம் பிடிச்சிருக்கு பாருங்க.

இப்ப எங்க குழுவில நடந்ததைச் சொல்றோம். போன தை மாசம் ஒரு மர வியாபாரி வந்து, "மரம் செத்துப் போச்சு, இன்னும் விட்டா விறகு விலைதான்"னு சொல்லி, எங்க உறுப்பினர் ஒருத்தர் வீட்டு வாசல் மரத்தைச் சொற்ப விலைக்கு வெட்டிட்டுப் போனார். வெட்டின அடிமரத்தைப் பார்த்தா உள்ளே பச்சைப் பசேல்னு ஈரம். அந்த அக்கா மூணு நாள் சரியாச் சோறு திங்கலை. எதிர்வீட்டு மரமும் அதே மாதிரி கருகினதுதான். அதை யாரும் தொடலை. பங்குனியில வெயில் ஏறினதும் குப்புன்னு துளிர்த்துப் போச்சு.

அதனால மரம் கருகினா முதல்ல கிளையில் கத்தி நுனியால் லேசாகத் தோலைச் சுரண்டிப் பாருங்க. பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. இந்த நோய் பெரிய மரத்தை ஒரே வருசத்தில் சாகடிக்கிறதில்லை, கோடையில் தழைஞ்சு வரும். ஆனால் வருசா வருசம் வந்தால் மரம் சோர்ந்து போகும். நுனி போனால் பூவும் காயும் போச்சு. ஆனி, ஆடியில் வேப்பமுத்து பொறுக்கி நாலு காசு பார்க்கிறவங்களுக்கு அதுதான் பெரிய அடி.

சின்ன மரம், கன்றுன்னா மழை இல்லாத நாளில் கருகின நுனியைப் பச்சை தெரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வெட்டி, அங்கேயே போடாமல் எரிச்சிருங்க. வெட்டின இடத்தில் போர்டோ பசை தடவலாம். பெரிய மரத்துக்கு மருந்தடிக்கிறேன்னு யாராவது பணம் கேட்டால் குடுத்துறாதீங்க. உச்சிக்கு மருந்து எட்டாது, காசுதான் போகும். நாற்றங்காலுக்கு மருந்து வேணும்னா கோபி மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ கேட்டு அளவு தெரிஞ்சு அடிங்க. மருந்தடிச்ச மரத்து இலையை அம்மை போட்ட வீட்டுக்கோ, பூவை ரசத்துக்கோ எடுக்கவே கூடாது.

நாற்று வளர்க்கிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பூஞ்சாணம் விதையோடவும் வரும். கருகின மரத்தடியில் விதை பொறுக்காதீங்க. நல்ல மரத்துப் பழத்தைப் பிசைஞ்சு கழுவி, நிழலில் காயவெச்சு, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஊன்றணும். வேப்பவிதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போயிரும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்க ஊரில் எத்தனை வேப்பமரம் இருக்கு, எத்தனை கருகியிருக்கு, எத்தனையை வெட்டிட்டாங்கன்னு எண்ணி, தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிட்டு வாங்க. கோயில் மரம், பள்ளிக்கூட மரத்தையும் விட்டுறாதீங்க. கணக்கு சேர்ந்ததும் பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட நாங்களும் கூட வர்றோமுங்க.