குப்பைமேட்டிலிருந்து காவிரி வரை

(பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒக்கலிபுரத்துத் தெருக்களில் அதிகாலையில் அள்ளப்படும் குப்பை, கண்ணைவிட்டு மறைந்ததும் ஒழிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். அது ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே செல்கிறது, அங்குள்ள மண்ணையும் நீரையும் என்ன செய்கிறது, அதற்கான விலையை எந்த வர்க்கம் கொடுக்கிறது என்பவற்றைப் பரிசீலிப்பது அவசியம்.

பல ஆண்டுகளாக இந்நகரத்தின் குப்பை வடக்கே மாவள்ளிபுரத்திலும் கிழக்கே மண்டூரிலும் குவிக்கப்பட்டது. மாவள்ளிபுரம் மக்களின் தொடர் போராட்டத்தையடுத்து, 2012 ஜூலையில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவால் அங்குக் கொட்டுவது நிறுத்தப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. அரசு கண்ட 'தீர்வு', அதையும் மண்டூரின் தலையில் கொட்டுவதே. மண்டூர் மக்களும் வீதிக்கு வந்தனர். 2014 இறுதியில் அங்கும் நின்றது. அதன்பின் மிட்டகானஹள்ளி, பெள்ளஹள்ளி ஆகிய ஊர்களின் கைவிடப்பட்ட கல்குவாரிகள் குப்பைக் குழிகளாயின. கிராமம் மாறியது, கொள்கை மாறவில்லை.

திறந்தவெளிக் குப்பைமேட்டின் ஆபத்து நாற்றத்தோடு முடிவதில்லை. மழைநீர் குப்பையினூடே இறங்கும்போது, அழுகிய பொருள்கள், அம்மோனியா, உப்புகள் ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. பழைய பேட்டரி, பெயின்ட், மின்னணுக் கழிவு ஆகியவற்றிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் சேர்கின்றன. அடியில் வழியும் இந்தக் கருநிறச் சாறே கசிவுநீர். உலோகங்களின் பெரும்பகுதி மேல்மண்ணில் படிந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. பயிர் அதை வேர்வழியே உறிஞ்சுகிறது. அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை மண் பிடித்துவைப்பதில்லை. அது நீரோடு நேரே கீழிறங்குகிறது. பெங்களூர்ப் பீடபூமியின் அடிநிலம் விரிசல் விட்ட கடும்பாறை. நஞ்சு எந்த விரிசல் வழியே சென்று, யாருடைய ஆழ்துளைக் கிணற்றில் தலைகாட்டும் என முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ஓடையில் கலக்கும் கசிவுநீரோ வேறுவிதமாகக் கொல்கிறது. அதிலுள்ள அழுகல் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் மீன்கள் மடிகின்றன. கசிவுநீரை ஆற்றில் விடுவதாயின், அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டவிதி. சுத்திகரிக்கப்படாத கசிவுநீரில் இது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருப்பது வழக்கம்.

மாவள்ளிபுரம் அர்க்காவதியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. 1894-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்நீர் தந்த ஆறு அது. அதைக் கைவிட்ட நகரம், இன்று 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கிறது. அர்க்காவதியோ கனகபுரத்துக்குத் தெற்கே அதே காவிரியில் கலக்கிறது. ஒக்கலிபுரத்து வடிகால் சேரும் விருஷபாவதியும் அர்க்காவதியில்தான் விழுகிறது. கிழக்குப் பகுதியின் கழிவோ தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணையை அடைகிறது.

எத்தனை டி.எம்.சி. என்று இரு மாநில முதலாளித்துவக் கட்சிகளும் பல பத்தாண்டுகளாக இனவெறியைக் கிளறிவருகின்றன. 1991-இலும் 2016-இலும் அந்தத் தீயில் வெந்தவர்கள் உழைக்கும் மக்களே. வரும் நீர் எத்தகையது என்ற கேள்வியை இக்கட்சிகள் அந்த அளவுக்கு எழுப்புவதில்லை. அக்கேள்வியில் மாவள்ளிபுரத்துக் கன்னட விவசாயியும் மேட்டூருக்குக் கீழுள்ள தமிழ் விவசாயியும் ஒரே அணியில் நிற்கின்றனர். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேட்டை எழுப்பியது தமிழ்நாட்டு ஆட்சியாளர்கள்தாம். இது மொழிப் பிரச்சினை அல்ல, வர்க்கப் பிரச்சினை.

மண்ணிலிருந்து எடுத்த சத்தை நகரம் மண்ணுக்குத் திருப்பித் தராமல் ஆற்றைக் கெடுப்பதை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் லண்டனையும் தேம்ஸ் நதியையும் காட்டி விளக்கினார். பெங்களூர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்கழிவு. வயலுக்கு உரமாகத் திரும்ப வேண்டியது. அதற்கென்றே கர்நாடக உர வளர்ச்சிக் கழகம் 1975-இல் இந்நகரில் தொடங்கப்பட்டது. ஆக, வழி தெரியாமல் இல்லை. பிளாஸ்டிக்கோடும் பேட்டரியோடும் கலந்துவிட்டால் அதே ஈரக்கழிவு நஞ்சாகிறது. குப்பையை எடை போட்டு ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும் முறையில், தரம்பிரித்து எடையைக் குறைப்பதில் அவருக்கு என்ன இலாபம்?

பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2000-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளுக்கு வழிகோலியது. 2016 விதிகள் வீட்டிலேயே தரம்பிரிப்பதைக் கட்டாயமாக்கின. காகிதத்தில் உள்ள விதியைத் தெருவில் நிறைவேற்ற வேண்டியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். 2022 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்த பின்னரே பணி நிரந்தரக் கோரிக்கைக்கு அரசு இறங்கிவந்தது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: குப்பை வண்டி ஓட்டுநர், உதவியாளர் உட்பட அனைவருக்கும் பணி நிரந்தரம், வார்டுதோறும் ஈரக்கழிவை உரமாக்கும் ஏற்பாடு, மூடப்பட்ட மேடுகளின் கசிவுநீருக்குச் சுத்திகரிப்பு, சுற்றுக் கிராமங்களின் கிணற்றுநீரைச் சோதித்து முடிவுகளைக் கன்னடத்தில் வெளியிடுதல், பாதிக்கப்பட்டோருக்குக் குடிநீரும் இழப்பீடும்.

'எங்கள் ஊரில் கொட்டாதே' என்ற கிராம மக்களின் முழக்கம் நியாயமானது. 'எந்த ஊரிலும் கொட்டாதே' என்று நகரத் தொழிலாளர்களும் சேர்ந்து எழுப்பும்போதுதான் அது வெல்லும். அந்த வேலையை ஒக்கலிபுரத்தில், வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம்.