மூணு நிமிசத் தாமதம்

நம்ம சூலூர்ப் பக்கம் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துல பொண்ணு தடுக்கி விழுந்து, நாலு பேரு சிரிச்சுட்டா என்ன சொல்றோம்? "போதும் அம்மிணி, இனி அந்தப் பக்கமே போகாதே." பாசத்துலதான் சொல்றோம். ஆனா அதோட அவ விளையாட்டு முடிஞ்சுருதுங்க.

சென்னைப் பொண்ணு பவானி தேவியை எடுத்துக்கங்க. வாள்சண்டை வீராங்கனை. அப்பா கோயில் அர்ச்சகர். 2004-ல் பள்ளியில் சேர்ந்த விளையாட்டு. ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில்தான் பயிற்சி. 14 வயசுல முதல் வெளிநாட்டுப் போட்டிக்குத் துருக்கி போனார். மூணு நிமிசம் தாமதமா வந்தார்னு கறுப்பு அட்டை காட்டி வெளியேத்திட்டாங்க. கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!

வீட்ல அவரை நிறுத்தலை. அம்மா ரமணி மகளோட விளையாட்டுக்காக நகையை அடகு வச்சவர். அடகுக் கடை நமக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு வைப்போம், ஆஸ்பத்திரிக்கு வைப்போம். மகள் விளையாட வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்சண்டைக்கு இந்தியாவிலிருந்து போன முதல் ஆள் அவர்தான். முதல் ஆட்டத்தில் 15-3 என ஜெயிச்சார், அடுத்ததில் 7-15 என தோத்தார். தோத்ததுக்கு நாட்டுக்கிட்ட மன்னிப்பும் கேட்டார். எனக்கென்னமோ அது தேவையே இல்லைங்க. 2023 ஆசிய வாள்சண்டை சாம்பியன்ஷிப்பில் உலக சாம்பியன் எமுராவையே தோற்கடிச்சு வெண்கலம் வாங்கினார்.

அடுத்த குழுக் கூட்டத்துல, பிள்ளைக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்கணும்னு யாராச்சும் கடன் கேட்டா, சிரிக்காம தீர்மான நோட்டுல எழுதுங்க.