துரு பிடித்து வைத்திருப்பது

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சம்ப் கழுவும்போது அடியில் படிந்திருக்கும் பழுப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்ல இன்று பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறீர்கள்.

நம் போர் தண்ணீரைப் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். விடிந்து பார்த்தால் பக்கெட் அடியில் மஞ்சளாகப் படிந்திருக்கும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிறது. துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் வெள்ளை வேட்டிக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை!

ஆனால் இந்தத் துருவுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாகப் படிந்த துருத்தூள் மிக மிக நுண்ணியது. ஒரு கிராம் தூளின் மேற்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் பிளாட் இரண்டு மூன்றைச் சேர்த்த அளவு. தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவை அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளியில் ‘பரப்புக் கவர்தல்’ என்று படித்தது இதுதான். இது சல்லடையில் சலிப்பது போல அல்ல, வேதிப் பிணைப்பு.

இந்தக் குணத்தை நல்லதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சென்னை ஐஐடி பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய ‘அம்ரித்’, துருவின் உறவுக்கார இரும்புச் சேர்மத்தைக் கைட்டோசானுக்குள் அடைத்து, ஆர்சனிக்கைப் பிடிக்க வைக்கிறது. கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. காசிமேட்டில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோமே, அதே ஓடு. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் ஆர்சனிக்கின் வரம்பு. அவ்வளவு கொஞ்சமாக இருப்பதைப் பிடிக்க இப்படி ஒரு பரப்பு வேண்டியிருக்கிறது.

பிடித்தது அப்படியே நிரந்தரமாக நிற்காது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் வந்தது இதனால்தான். ஆற்று வண்டலில் துரு பிடித்து வைத்திருந்தது. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் துருவைக் கரைத்தன, ஆர்சனிக் தண்ணீருக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால் பழைய குழாய்களின் படிவு கலைந்து, ஈயம் வீட்டுக் குழாய் வரை வந்தது.

ஆசிட்டும் துருவைக் கரைக்கும். துரு கரைந்தால் அது பிடித்ததும் கரையும். நம் சம்ப் படிவில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; சோதித்துப் பார்க்காமல் ஆசிட் ஊற்ற வேண்டாம் என்கிறேன். கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது.

ஆகவே மோட்டாரை நிறுத்தி, மேல் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, தெளிந்த நீரை முதலில் இறைத்துவிடுங்கள். சேற்றைக் கலக்காமல் அள்ளி, பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கறை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அள்ளிய சேற்றைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடாதீர்கள். சோதனை முடிவு வரும்வரை மூடிய டிரம்மில் இருக்கட்டும். சேற்றில் ஒரு பாட்டில், அதிகாலையில் முதலில் திறக்கும் குழாயில் ஒரு பாட்டில், ஐந்து நிமிஷம் ஓடவிட்டு இன்னொன்று எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் இரும்பு, ஈயம், ஆர்சனிக் மூன்றும் பார்க்கச் சொல்வோம். அந்தச் செலவுக்கு இன்று கை தூக்குங்கள்.