சுவிட்ச் படிக்கும் பட்டியல்

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் கணினிக்கூடமும் அலுவலகமும் ஒரே சுவிட்சில் இணைந்திருக்கின்றன. மாணவர் கணினிகளுக்குப் பிரிண்டர் வேண்டும். மதிப்பெண் இருக்கும் சர்வர் பக்கம் அவை தலைகாட்டக்கூடாது. இதற்காகச் சுவிட்சில் எழுதிவைக்கும் விதிகளைத்தான் தொழிலில் இருப்பவர்கள் ‘ஏசிஎல்’ என்கிறார்கள்.

கையில் பெயர்ப்பட்டியலோடு வாசலில் நிற்கும் ஜாகாவின் வேலைதான் அது. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எந்தப் போர்ட்? ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் இதே கேள்விகள். பட்டியலை மேலிருந்து படிக்கும் சுவிட்ச், முதலில் பொருந்தும் வரியோடு நிறுத்திவிடும். ‘எல்லாரையும் விடு’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், கீழே இருபது தடை போட்டும் பயனில்லை. சிஸ்கோ போன்ற கருவிகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பட்டியலின் அடியில், எழுதாமலே ஒரு வரி இருக்கிறது: மற்ற எல்லாவற்றையும் தடு. இதை மறந்து, தடைகளை மட்டும் எழுதி, மொத்தப் பள்ளியையும் முடக்கிவிடுவது புதியவர்களுக்கு வாடிக்கை.

2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்ற கணினிப் புழு கிளம்பியது. வெறும் 376 பைட். பத்தே நிமிடத்தில், பிடிபடக்கூடிய கணினிகளில் சுமார் 90 சதவீதம் பிடிபட்டன. யூடிபி 1434 என்ற ஒரே போர்ட் வழியாகத்தான் அது பரவியது. அதை அடைக்க விதி ஒன்று போதும். அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் ஃபயர்வாலில் அந்தத் தடை இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் தனி இணைப்பு ஃபயர்வாலைத் தொடாமல் உள்ளே போயிருந்தது. புழு அந்த வழியே நுழைந்தது. பாதுகாப்பு நிலவரம் காட்டும் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. நல்லவேளை, உலை அப்போது நிறுத்தத்தில் இருந்தது.

தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் ஒரு கதை உண்டு. 2019 அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது நிலையம். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் புகுந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே விஷயம் அதன் காதுக்கு எட்டியிருந்தது. பிடிபட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள ஒரு கணினி; முக்கியமான உள் வலைப்பின்னல் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் உலைக்குப் பாதிப்பில்லை என்பது கழகத்தின் விளக்கம்.

இனி அந்தப் பள்ளிக்கு வருவோம். விதி எழுத உட்காரும் முன், சுவிட்சுக்கு வரும் ஒவ்வொரு கேபிளையும் மறுமுனை வரை ஒருவர் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். அலுவலக மேசைக்கடியில் யாரோ செருகிய வைஃபை மோடம் வழியாகப் போகும் பொட்டலம் எதுவும் அந்தப் பட்டியலின் கண்ணில் படாது.