தேசிய கீதமும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும்



1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போரிட்டு விழுந்த ஊர் இந்தக் காளையார்கோவில். மருது சகோதரர்கள் அடங்கியிருக்கும் மண்ணும் இதுதான். கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். படை தந்தவர் ஹைதர் அலி. சிவகங்கைச் சீமையை மீட்கத் தோள்கொடுத்தவர்களில் தெலுங்கு பேசியவரும் உருது பேசியவரும் உண்டு. அவர்களுடைய மொழியைச் சொல்லி அந்த உதவியை யாரும் குறைத்துப் பேசியதில்லை.

இந்தச் சீமையை விட்டுப் போனவர்களைப் பற்றித்தான் இன்று பட்டம் பெறும் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் விரட்ட, ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிப் பக்கத்து மக்கள் ஆள்சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்குப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். விடியலில் மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ளி, தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்ட கூடையை நிரப்பிய பெண்கள்தான் அந்நாட்டுக்குப் பல தலைமுறை அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன தெரியுமா? விடுதலை வந்த 1948ஆம் ஆண்டிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 'எங்களை இந்த நாட்டுக் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று கேட்ட விண்ணப்பங்கள் அவை. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். நம் வட்டாரத்து முனப்புதூரில் பிறந்த தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் தோழர்களும் 1952இல் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு போட்டது. பங்கு போடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியதும் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

குடியுரிமையில் காட்டிய அதே மறுப்பு பாட்டிலும் தெரிந்தது; இப்போது தேசிய கீதத்துக்கு வருகிறேன். ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் இயற்றிய இலங்கையின் தேசிய கீதத்தைப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். மெட்டு அதேதான், பொருளும் அதேதான். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் பல்லாண்டுகள் அதைப் பாடினார்கள். 2010இல் அதைக் கைவிடும் பேச்சு எழுந்தபோது, 'இந்தியாவில் இந்தியில் மட்டும்தானே பாடுகிறார்கள்' என்று அந்நாட்டு அமைச்சர் ஒருவர் வாதிட்டார். ஜன கண மன தாகூரின் வங்காளப் பாடல் என்பது அவருக்குத் தெரியவில்லை. 2016 பிப்ரவரி 4 அன்று, கொழும்பு காலிமுகத்திடல் சுதந்திர விழாவின் நிறைவில் இலங்கையின் கீதம் தமிழில் ஒலித்தது. எதிர்ப்பும் கிளம்பியது, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2020 விழாவில் தமிழ்ப் பாடல் விடப்பட்டது. 'இது என் தாய்நாடு' என்று ஒருவன் தன் தாய்மொழியில் சொல்வதில் நாட்டுக்கு என்ன நஷ்டம்?

நாட்டுக்கு ஒரே பாட்டு, ஒரே மொழி இருந்தால்தான் ஒற்றுமை என்று மனதார நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வங்காளப் பாடலை நாம் மனமுவந்து பாடுகிறோம். சிங்கப்பூர்த் தமிழர் மலாய்ப் பாடலை மனமுவந்து பாடுகிறார்கள். அங்கே தமிழும் ஓர் ஆட்சிமொழி. அந்நாட்டின் உறுதிமொழியை 1966இல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சி. ராஜரத்தினம். தன்னையும் அந்த நாடு கணக்கில் சேர்த்துக்கொண்டது என்று தெரிந்தவன் எந்த மொழியிலும் பாடுவான். இலங்கையிலோ பாடிக்கொண்டிருந்த பாட்டை வாயிலிருந்து பிடுங்கினார்கள். கோபம் மொழிமீது போலத் தெரியும். ஆனால் ஆளையே வேண்டாம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அமெரிக்காவிலும் 2014இல் கோகோ கோலா விளம்பரத்தில் ஒரு நாட்டுப்பாடலை ஸ்பானிஷ், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் பாடியதற்கு இதே கோபம் வெடித்தது.

இனி நம் கதை. நமக்கு வீடு கட்டவும் ஓட்டலில் இலை எடுக்கவும் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஏளனம் செய்கிற குரலை நானும் கேட்கிறேன், நீங்களும் கேட்கிறீர்கள். இந்தித் திணிப்பை எதிர்த்த மாநிலம் இது; அந்த எதிர்ப்பில் எனக்குப் பெருமை உண்டு. நாம் எதிர்த்தது டெல்லியின் அதிகாரத்தை. சாரத்தில் ஏறிப் பூச்சு வேலை பார்ப்பவனிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கக் கூடாது.

உங்களில் பலர் ஆசிரியர்களாவீர்கள், வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் உட்காருவீர்கள். ஒடியா மட்டுமே தெரிந்த ஒரு தாய் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கு வந்தால் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஆண்டு விழாவில் அவன் தன் மொழியில் ஒரு பாட்டுப் பாட மேடை கொடுங்கள். யாராவது முகம் சுளித்தால், இங்கிருந்து கண்டிச் சீமைக்கு நடந்து போனவர்களின் வரலாற்றை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.