பதினைந்து வயதில் கேட்ட பாட்டு

(பண்பாட்டுப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாநாட்டுப் பந்தலில் பழைய இயக்கப் பாடல் ஒன்று ஒலிக்கும்போது மூத்த தோழர்களின் கண்கள் கலங்குவதைக் கண்டிருப்பீர்கள். அருகில் நிற்கும் இளைஞர்கள் புன்னகை செய்வார்கள். 'அது அவர்கள் காலத்துப் பாட்டு' என்பது இளைஞர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரிதானா? வளரிளம் பருவத்தில் மனத்தைக் கவர்ந்த இசைக்கு, முதிர்ந்த வாழ்வில் பழைய நினைவைக் கிளறுவதைத் தவிர வேறு வேலை இல்லையா?

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட அனுபவங்களே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. சந்தை இதை நன்கு அறியும். பழைய பாடல்களைப் புதிய உறையிலிட்டு அது மீண்டும் மீண்டும் விற்கிறது. கேட்பவர் சில நிமிடங்கள் இளமைக்குத் திரும்புகிறார். பாட்டு முடிந்ததும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இது இசையின் ஒரு பயன் மட்டுமே. இன்னொரு பயனை, 1943இல் பம்பாயில் உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தின், அதாவது இப்டாவின், கலைஞர்கள் காட்டினார்கள்.

சலில் சௌத்ரியை எடுத்துக்கொள்வோர் முதலில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே மருத்துவராக இருந்த தந்தையிடம் மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகள் இருந்தன. சிறுவன் சலில் மொஸார்ட்டையும் பீத்தோவனையும் கேட்டு வளர்ந்தான். அதே தோட்டத்தில் தொழிலாளர்களின் பாட்டும் அவன் காதில் விழுந்தது. பின்னர் வங்கத்தின் உழவர் இயக்கத்திலும் இப்டாவிலும் இணைந்தபோது அவர் அந்த இசைத்தட்டுகளை 'அந்நியப் பொருள்' என்று வீசி எறியவில்லை. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் இணைந்து ஒலிக்கும் முறையை மக்கள் பாடலுக்குள் கொண்டுவந்தார். 'சாயா' (1961) என்ற இந்திப் படத்தின் காதல் பாடலொன்றில் மொஸார்ட்டின் நாற்பதாவது சிம்பொனியின் மெட்டு கேட்கிறது. தமிழில் வளரிளம் சிறுவர்களின் கதையைச் சொன்ன 'அழியாத கோலங்கள்' (1979) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. சிறுவயதில் கேட்ட இசையை அவர் அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை, வேலைக்கு அனுப்பினார்.

பூபேன் ஹசாரிகாவின் கதை இன்னும் சிக்கலானது. தேஜ்பூரில் ஜோதிபிரசாத் அகர்வாலா, விஷ்ணுபிரசாத் ராபா ஆகியோரின் நிழலில் அவரது இசை முளைத்தது. 1939இல், சிறுவயதிலேயே திரைப்படத்தில் பாடினார். அமெரிக்காவில் படித்த காலத்தில் பால் ராப்சனைச் சந்தித்தார். ராப்சன் பாடிப் புகழ்பெற்ற மிஸிஸிப்பி ஆற்றுப் பாட்டின் தாக்கத்தில், கரையோர மக்களின் துயரைக் கண்டும் மௌனமாக ஓடும் ஆற்றைக் கேள்வி கேட்கும் பாடலை உருவாக்கினார். இதே ஹசாரிகாதான் 2004 மக்களவைத் தேர்தலில் குவாஹாட்டி தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்று தோற்றார்.

இதை மறைக்கத் தேவையில்லை. இளமையில் கேட்ட இசை எவருடைய அரசியலுக்கும் காப்புறுதி தராது. பாட்டு ஒருவரைத் தொடலாம். அவரை இறுதிவரை நிறுத்தி வைப்பது அமைப்பும் அன்றாடப் போராட்டமும்தான். ஆனால் பாடியவர் விலகியதால் பாட்டு விலகிவிடவில்லை. ஆற்றைக் கேள்வி கேட்கும் அந்தப் பாடல், அதைத் தம் இளமையில் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோரிடம் தங்கிவிட்டது.

ஆகவே வளரிளம் பருவத்து இசை முதிர்ந்த வாழ்விலும் பொருளுடையதே. அது தானாகப் பொருள் பெறுவதில்லை, பயன்படுத்தப்படும்போது பெறுகிறது. இதிலிருந்து இரண்டு கடமைகள் எழுகின்றன. முதலாவது, இன்று பதினைந்து வயதில் இருக்கும் தொழிலாளியின் மகளும் உழவரின் மகனும் எதைக் கேட்கிறார்கள் என்பதில் இயக்கம் அக்கறை கொள்ள வேண்டும். அவர்களின் கைப்பேசியில் சாதிப் பெருமையும் மதவெறியும் பாட்டாகவே வந்து சேர்கின்றன. அறிக்கைகள் மட்டும் அவற்றுக்குப் பதிலாகா. இரண்டாவது, மூத்த தோழர்கள் தம் காலத்துப் பாடலைக் கற்றுக்கொடுப்பதோடு, இளையோரின் பாடலையும் பறையையும் ராப்பையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் தொடக்கத்தில் மூத்த தோழர் ஒருவரும் இளைய தோழர் ஒருவரும் ஆளுக்கொரு பாட்டைப் பாடட்டும். கேட்டவர்கள் இரண்டையும் கற்றுக்கொண்டு வீடு திரும்பட்டும்.