ஹைடல்பர்க் அரசிளங்குமரி

பெண் கொடுத்துப் பெண் கொள்வதே அரசுகளிடையே சமாதானத்திற்கு வழி என்று ஐரோப்பிய ராஜதந்திரிகள் ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு கொடூரமாகப் பொய்க்கக்கூடும் என்பதற்கு, ஜெர்மானிய இளவரசி எலிசபெத் சார்லோட்டின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.

1652ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரிலே பிறந்த இவரை உற்றார் ‘லீசலோட்டே’ என்று செல்லமாக அழைத்தனர். தந்தை கார்ல் லூட்விக், ரைன் நதி பாயும் பாலட்டினேட் நாட்டின் அதிபதி. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை படைத்த சிற்றரசர்களுள் ஒருவர். பெற்றோரிடையே பிணக்கு முற்றவே, ஏழு வயதுச் சிறுமி ஹானோவரிலிருந்த அத்தை ஸோபியாவிடம் அனுப்பப்பட்டாள். அங்கு வாழ்ந்த நான்காண்டுகளில் அத்தையே அவளுக்கு அன்னையானாள்.

1671இல் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தம்பி, ஆர்லியன்ஸ் கோமகன் பிலிப்புக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். அதற்காகப் பிறந்த சமயத்தையும் துறந்து கத்தோலிக்கரானார். வலிமை மிக்க அண்டை நாட்டின் உறவு தம் சிறிய நாட்டிற்கு அரணாகும் என்று தந்தை எண்ணினார். நடந்ததோ வேறு!

1685இல் லீசலோட்டேயின் சகோதரர் மகப்பேறின்றி மறைந்தார். உடனே லூயி மன்னர், தம்பி மனைவியின் பெயரால் பாலட்டினேட்டில் வாரிசுப் பங்கு கோரினார். 1688இல் மூண்ட போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தக் கோரிக்கையும் அதற்கு ஒரு சாக்காயிற்று. 1689இல் பிரெஞ்சுப் படைகள் மான்ஹைம் நகரைத் தகர்த்தன, ஹைடல்பர்க்கிற்குத் தீயிட்டன. 1693இல் ஹைடல்பர்க் மீண்டும் அழிந்தது. தம் பெயரால் தாய்நாடு எரிவதைக் கண்டு அவர் கதறினார். கண்ணயர்ந்தால் அந்நகரங்களின் பாழ்நிலையே தோன்றுகிறதென அத்தைக்கு எழுதினார்.

அத்தையுடனும், தந்தையின் மறுமணத்தில் பிறந்த தங்கையருடனும் அவரைப் பிணைத்தவை கடிதங்களே. அவற்றை அரசாங்கத்தார் பிரித்துப் படிப்பதை அறிந்தும், அவர் தாய்மொழியான ஜெர்மனில் மனம் திறந்து எழுதினார். எஞ்சியுள்ள ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்று வரலாற்றாசிரியர்களுக்குக் கருவூலமாக விளங்குகின்றன.

1714இல் ஸோபியா காலமானார். சில வாரங்களில் அவருடைய மகன் ஜார்ஜ் பிரிட்டிஷ் அரியணை ஏறினார். மறு ஆண்டு லீசலோட்டேயின் மகன் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரானார். மகள் வழிப் பேரனோ பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் மரியா தெரஸாவை மணந்தார்.

இத்தனை அரியணைகளோடு உறவு கொண்ட அந்த மாதரசி, 1722இல் ஸான்குளூ மாளிகையில் உயிர் நீத்தார். பிரான்சுக்கு வந்த பின் ஐம்பத்தோர் ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் ஹைடல்பர்க்கைக் கண்ணால் காணவில்லை. அரசர்கள் வகுத்த உறவுகள் அவருடைய ஊரைக் காக்கவில்லை. அவர் எழுதிய கடிதங்களோ அவ்வூரின் நினைவைக் காத்து நம்மிடம் சேர்த்திருக்கின்றன.